வலியைத் தாங்கிக்கொள்வது கடமையா? (கடைசிக்கால வேதனை பற்றிய இழை)

நெய்தல்நிலம் (இழையைத் தொடங்கியவர்)

புற்றுநோய் முற்றி, இனிக் குணமாக்க வழியில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவரைச் சுற்றி நம் வீடுகளில் நடக்கும் பேச்சு எல்லா ஊரிலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. "பட வேண்டியதைப் பட்டுத்தான் தீரணும்." "மார்ஃபின் ஆரம்பிச்சா ஆள் போய்ச் சேர்ந்துடுவார்." "ஒரு நாள்கூட வலிக்குதுன்னு வாய்விட்டுச் சொன்னதில்ல, என்ன பொறுமை!" இந்த மூன்றாவதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. பாராட்டாகச் சொல்லப்படுவதால், வலிக்கிறவர் அடுத்த முறை கேட்கவும் கூச்சப்படுகிறார்.

துன்பம் மனிதரைப் பக்குவப்படுத்தும் என்று நம்புகிறோம். ஒரு எல்லை வரை அது உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் எலும்புக்குப் பரவிய வலியில் இரவெல்லாம் முனகுகிறவருக்கு எந்தப் பக்குவம் வரப்போகிறது? இதை மருத்துவமாகவும் தத்துவமாகவும் அறிந்தவர்கள் எழுதுங்கள். பொதுவான ஆறுதல் வேண்டாம், விவரம் வேண்டும்.

தணிவுமருத்துவம்

முதலில் மார்ஃபின் (அபினியிலிருந்து எடுக்கும் வலிமருந்து) பயத்தை முடித்துவிடலாம். அது தீராமல் தத்துவம் பேசிப் பயனில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 1986-ல் புற்றுநோய் வலிக்கு வகுத்த முறையின் சாரம் எளியது: முடிந்தவரை வாய்வழி, மணி தவறாமல், வலியின் அளவுக்கேற்ற மருந்து. பெரும்பாலான வீடுகளில் தவறுவது அந்த இரண்டாவது. "வலி வந்தா கொடுக்கலாம்" என்று மாத்திரையைப் பத்திரப்படுத்துகிறார்கள். சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை சுமார் 4 மணி நேரம்தான். வலி ஏறிய பிறகு கொடுத்தால் அதை இறக்கக் கூடுதல் அளவு தேவைப்படும், தூக்கமும் கூடும், "பாத்தீங்களா, மயக்கிப் போட்டுடுச்சு" என்று பழி மருந்தின் மேல் விழும்.

ஒரு மாதிரிக் கணக்கு சொல்கிறேன். அளவை நிர்ணயிப்பது நோயாளியைப் பார்க்கும் மருத்துவர்தான்; இதைப் படித்துவிட்டு யாரும் மாற்ற வேண்டாம். காலை 6, 10, மதியம் 2, மாலை 6 மணிக்கு 5 மி.கி.; இரவு 10 மணிக்கு இரட்டிப்பாக 10 மி.கி. நள்ளிரவு 2 மணிக்கு எழுப்ப வேண்டாம் என்பதற்காகத்தான் அந்த இரட்டிப்பு. நாள் மொத்தம் 30 மி.கி. இடையில் வலி முட்டிக்கொண்டு வந்தால் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 5 மி.கி., கூடுதலாக. அப்படி எத்தனை முறை கொடுக்க நேர்ந்தது என்று எழுதி வைத்தால், அடுத்த சந்திப்பில் மருத்துவர் அந்தக் கணக்கைக் கொண்டே வேளை அளவை உயர்த்துவார். வயதானவர்களுக்கும் மெலிந்தவர்களுக்கும் தொடக்கம் 2.5 மி.கி. ஆகவும் இருக்கலாம்.

பக்கவிளைவுகளில் குமட்டல் சில நாளில் அடங்கும், முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமும் அடங்கும். மலச்சிக்கல் மட்டும் அடங்கவே அடங்காது. மார்ஃபின் எழுதும் கையோடு மலமிளக்கியும் எழுதியாக வேண்டும். அதை நிறுத்தியதால் வயிறு இறுகி, அந்த வேதனையைப் புற்றுநோய் வலி என்று எண்ணி மார்ஃபினை ஏற்றி, சிக்கல் இன்னும் இறுகுவது அடிக்கடி நடக்கிறது.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மருந்தின் கழிவுப்பொருள் உடம்பில் தேங்கும். கைகால் திடீர் திடீரென்று வெட்டி இழுத்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். 12 மணி நேரத்துக்கு வேலை செய்யும் மாத்திரையைப் பொடி செய்து குழாய்வழி கொடுக்கவே கூடாது. அரைநாள் மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். தூக்க மாத்திரையையும் மதுவையும் சேர்க்கக் கூடாது. கூப்பிட்டால் எழுப்ப முடியாத தூக்கம், மெதுவாகிவிட்ட மூச்சு, ஊசிமுனை போலச் சுருங்கிய கண்மணி தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு.

நரம்பு வலி வேறு சாதி. எரிச்சல், கரண்ட் அடிப்பது போன்ற சுருக் என்றால் மார்ஃபின் மட்டும் போதாது. அமிட்ரிப்டிலின், கேபாபென்டின் போன்றவற்றைச் சேர்ப்பார்கள். எலும்பில் ஓரிடத்தில் பரவிய வலிக்கு 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவில் ஒரே ஒரு முறை கதிர்வீச்சு கொடுத்தாலே பலருக்குக் கணிசமாகக் குறையும். "இனி ஒண்ணும் செய்ய முடியாது" என்று சொல்லி அனுப்புகிறார்களே, அந்த வாக்கியத்தில் எவ்வளவு விடுபட்டுப் போகிறது பாருங்கள்.

முறையாக அளவு பார்த்து ஏற்றிய மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. ஆள் போவதற்கு முந்தைய சில நாளில்தான் மருந்தையே ஆரம்பிக்கிறோம். பிறகு மருந்துதான் கொன்றது என்று முடிவுகட்டுகிறோம்.

கன்மக்கணக்கு

நான் சைவ சித்தாந்தம் பயின்றவன். "பட்டுத்தான் தீரணும்" என்ற வாதத்துக்குச் சித்தாந்தத்துக்குள்ளேயே பதில் இருக்கிறது.

சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று வினை மூன்று. சேர்ந்து கிடப்பது, இப்பிறவியில் அனுபவத்துக்கு வந்திருப்பது, இப்போது புதிதாக ஈட்டுவது. நோய் பிராரத்தம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த நேரத்தில் வாசலுக்கு வந்த மருத்துவரும், கையில் இருக்கும் மாத்திரையும் எதன் விளைவு? அவையும் அதே கணக்கில் வந்தவைதானே. வலியை மட்டும் வினைப்பயன் என்று எடுத்துக்கொண்டு மருந்தைத் தள்ளுவதற்கு நூலில் இடமில்லை. அதோடு, தணிக்கக்கூடிய வலியைத் தணிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தனக்கு ஆகாமியம் ஈட்டிக்கொள்கிறார். இதை யாரும் சொல்வதில்லை.

ரமணரை உதாரணம் காட்டுவார்கள். இடது கையில் புற்றுக்கட்டி. 1950 ஏப்ரல் 14-ல் திருவண்ணாமலையில் மறைந்தார். உடல் வேறு, தான் வேறு என்ற நிலையில் நின்றவர், சரி. ஆனால் 1949-ல் மட்டும் அவருக்கு நான்கு முறை அறுவை சிகிச்சை நடந்தது. சிகிச்சை செய்ய வந்தவர்களை அவர் துரத்தவில்லை. ஒரு ஞானியின் நிலையைப் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு விதியாக்குவது பக்தி ஆகாது. அந்தப் பாட்டியிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வார்டு9

டாக்டர் சார் எழுதியதற்கு மேல் செவிலியர் பக்கத்திலிருந்து.

துன்பம் என்றதும் எல்லாரும் பெரிய வலியையே நினைக்கிறார்கள். படுக்கையில் இருப்பவரைக் குறுக வைப்பது பெரும்பாலும் நாற்றம். புண் நாறுகிறது என்று பேரப்பிள்ளை மூக்கைப் பொத்தினால் அந்த மனிதர் அன்றைக்கே பாதி செத்துவிடுகிறார். இதற்குத் தீர்வு விலை குறைந்தது. ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு (ஏறத்தாழ ஒன்றரை டீஸ்பூன்) போட்டுக் கொதிக்க வைத்து ஆற்றி, அதால் புண்ணைக் கழுவ வேண்டும். டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு எல்லாம் தினமும் ஊற்றினால் நல்ல சதையும் வெந்துபோகும். கழுவியபின், மருத்துவர் சொன்னால் மெட்ரோனிடசோல் மாத்திரையை நைசாகப் பொடித்துத் தூவிக் கட்டலாம். நாற்றத்துக்குக் காரணமான, காற்றில்லாமல் வளரும் கிருமிகளை அது அடக்கும். சில நாளில் வித்தியாசம் தெரியும். கட்டு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காமல், உப்புத்தண்ணீர் விட்டு ஊறவைத்து எடுங்கள். கட்டுப் பிரிக்கும் வலி பெரிதாக இருந்தால், அரை மணி நேரம் முன்னதாக அந்தக் கூடுதல் வேளை மருந்தைக் கொடுக்கலாமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

படுக்கைப்புண் வராமல் பார்ப்பது அதைவிட முக்கியம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். முழுக்க ஒருக்களித்தால் இடுப்பெலும்பு அழுந்தும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துச் சுமார் 30 டிகிரி சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் மடித்த துணி வைத்துக் குதிகால் படுக்கையில் படாமல் தொங்க விடுங்கள். விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு தெரிந்தால் அதுதான் முதல் எச்சரிக்கை. அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. காற்றடித்த ரப்பர் வளையத்தில் உட்கார வைப்பதும் கூடாது, விளிம்பு அழுத்தி ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும். வாட்டர் பெட் வாங்கிவிட்டோம், இனிப் புரட்ட வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். வாட்டர் பெட்டில் படுத்தவருக்கும் புண் வரும்.

வாய். தினமும் நான்கைந்து முறை மிருதுவான துணியை ஈரமாக்கித் துடையுங்கள். நாக்கில் தயிர் போல வெள்ளையாகப் படிந்து, துடைத்தால் சிவந்து எரிந்தால் அது பூஞ்சைத் தொற்று. "சாப்பாடு பிடிக்கலைங்கறார்" என்று குறைப்படும் பலருக்கு உண்மையில் விழுங்கவே எரிகிறது. அதற்குச் சொட்டு மருந்து உண்டு.

மனக்கணக்கு

நெய்தல் கேட்ட "பக்குவம்" பற்றி உளவியல் பக்கத்திலிருந்து.

வலியை அனுபவிக்கிற மனமும், பிறகு நினைத்துப் பார்க்கிற மனமும் ஒரே மாதிரி கணக்குப் போடுவதில்லை. 1993-ல் உளவியலாளர் டேனியல் கானமன் குழு செய்த சோதனை இது. ஒரு சுற்றில் 14 டிகிரி குளிர்ந்த நீரில் 60 விநாடி கை வைக்க வேண்டும். இன்னொரு சுற்றில் அதே 60 விநாடிக்குப் பிறகு இன்னும் 30 விநாடி. அந்த நேரத்தில் நீர் மெல்ல 15 டிகிரிக்கு ஏறும். எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீண்ட சுற்றையே தேர்ந்தார்கள். மொத்த வேதனை அதில்தான் அதிகம். முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது, அவ்வளவுதான். 1996-ல் ரெடல்மையரும் கானமனும் பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனை செய்துகொண்டவர்களிடமும் இதையே கண்டார்கள். உச்ச வலியும் கடைசிக் கட்ட வலியும் நினைவில் நிற்கின்றன, எவ்வளவு நேரம் வலித்தது என்பது பெரிதாகப் பதிவதில்லை.

இதிலிருந்து இரண்டு காரியம். ஒன்று, வாரம் ஒருமுறை "வலி எப்படி இருந்தது?" என்று கேட்பது போதாது. ஒரு நோட்டில் மணி, 0 முதல் 10 வரை வலியின் எண், எங்கே வலிக்கிறது, என்ன செய்துகொண்டிருந்தபோது, கொடுத்த மருந்து, ஒரு மணி நேரம் கழித்து என்ன எண் என்று எழுதுங்கள். "இருமும்போது மட்டும் 8" என்று நோட்டு காட்டும். நினைவு "பரவாயில்ல" என்று சொல்லிவிடும். எண் சொல்லத் தெரியாதவரிடம் ரூபாய்க் கணக்கில் கேட்கலாம், பத்து ரூபாயில் எத்தனை ரூபாய் வலி என்று. பேச முடியாதவருக்கு நெற்றிச் சுருக்கம், புரட்டும்போது கை இறுகுவது, முனகல் இவற்றைப் பார்த்து எழுதுங்கள்.

இரண்டு, துன்பத்தால் பக்குவப்பட்டேன் என்று சொல்பவர் அநேகமாக அதிலிருந்து வெளியே வந்தவர். அவர் சொல்வது அவருக்கு உண்மை. உள்ளே இருப்பவரிடம் அதை எதிர்பார்ப்பதுதான் கொடுமை. புத்தர் சொன்ன இரண்டு அம்புகளை இங்கே நினைக்கலாம்: உடம்பில் தைத்த வலி முதல் அம்பு, "எனக்கு ஏன்" என்று மனம் தானே எய்துகொள்வது இரண்டாவது. இரண்டாம் அம்பைப் பற்றிப் பேசுவதற்கு முன் முதல் அம்பைப் பிடுங்கப் பார்க்க வேண்டும். வலி 8-ல் இருப்பவருக்குத் தியானம் சொல்லிக்கொடுக்கப் போகாதீர்கள். 3-க்கு இறங்கட்டும், அவரே பேசுவார்.

தணிவுமருத்துவம்

அந்த "அவரே பேசுவார்" மிகச் சரி. சிசிலி சாண்டர்ஸ் செவிலியராக இருந்து, மருத்துவச் சமூகப் பணியாளராகி, அதன்பின் மருத்துவம் படித்தவர். 1967-ல் லண்டனில், இறக்கும் நிலையில் இருப்பவர்களுக்கான செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் காப்பகத்தைத் தொடங்கினார். "முழு வலி" என்ற பார்வை அவருடையது: உடல், மனம், குடும்பம் மற்றும் பணம், வாழ்வின் பொருள் பற்றிய கேள்வி, நான்கும் பின்னிக் கிடப்பது. மார்ஃபினை ஏற்றிக்கொண்டே போயும் வலி இறங்காதவரிடம் உட்கார்ந்து கேட்டால் "அடகு வச்ச நகையை மீட்கல", "மூத்தவன் பேசறதில்ல" என்று ஏதாவது வரும். அதற்கு மாத்திரை கிடையாது. மூத்தவனுக்குப் போன் போடுவதுதான் மருந்து.

கல்லாயிக்கரை

கோழிக்கோட்டிலிருந்து எழுதுகிறேன். அந்தப் போனை யார் போடுவது என்பதற்குக் கேரளம் ஒரு வழி கண்டது. 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் தொடங்கிய வலி, தணிவுச் சிகிச்சைச் சங்கம்தான் வேர் (தணிவுச் சிகிச்சை என்பது நோயைக் குணமாக்க முடியாதபோதும் வேதனையைக் குறைக்கும் சிகிச்சை). மருத்துவமனைக்கு வர முடியாதவர்கள்தான் அதிகம் என்று தெரிந்ததும் வீட்டுக்குப் போகத் தொடங்கினார்கள். பிறகு அந்தந்த ஊர்க்காரர்களே பொறுப்பெடுத்தார்கள். வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர் பயிற்சி பெற்றுத் தொண்டராகலாம். கட்டு மாற்றுவதைச் செவிலியர் பார்ப்பார். அரிசி தீர்ந்துவிட்டதா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்பதைத் தொண்டர் பார்ப்பார். 2008-ல் மாநில அரசு இதற்கென்றே கொள்கை அறிவித்தது.

மருந்து கிடைக்காததற்கும் வரலாறு உண்டு. 1985 போதைப்பொருள் சட்டம் வந்தபின் ஒவ்வொரு மாநிலத்திலும் பல உரிமங்கள் வாங்க வேண்டியிருந்தது, தவறினால் கடுந்தண்டனை. மருத்துவமனைகள் மார்ஃபின் வைத்திருப்பதையே விட்டுவிட்டன. காசிப்பூரிலும் நீமச்சிலும் அரசே அபினி ஆலை நடத்தும் நாடு இது! 2014 திருத்தம் மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன் உள்ளிட்ட ஆறு மருந்துகளை அத்தியாவசியப் பட்டியலில் வைத்து, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனத்துக்கு ஒரே அனுமதி போதும் என்றாக்கியது. பல மருத்துவமனைகள் இன்னும் விண்ணப்பிக்கவே இல்லை. லான்செட் மருத்துவ இதழின் 2017 குழு அறிக்கையின்படி உலகில் ஆண்டுக்கு விநியோகமாகும் 298.5 டன் மார்ஃபின் வகை மருந்துகளில் மிக ஏழை நாடுகளுக்குப் போவது 0.1 டன். எந்த மண்ணில் பிறந்தோம் என்பது வலியின் அளவைத் தீர்மானிக்கிறது. அதை விதி என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும் தணிவுச் சிகிச்சையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியச் சொல்லிக் கேளுங்கள்.

பழையமரம்

எல்லாம் சரி. ஒரு மாற்றுக் கருத்தும் பதிவாகட்டும். சிலர் கொஞ்சம் வலி இருந்தாலும் தெளிவாக இருக்க விரும்புகிறார்கள். நாமம் சொல்லிக்கொண்டே போக வேண்டும், பிள்ளைகள் முகம் தெரிய வேண்டும் என்பவர்கள். அவர்களை வற்புறுத்தி மருந்து கொடுப்பதும் ஒரு வகை அத்துமீறல் அல்லவா? மரணத்தை மருத்துவத்தின் கையில் முழுக்கக் கொடுத்துவிட எனக்குச் சம்மதமில்லை.

தணிவுமருத்துவம்

முழுக்க ஒப்புக்கொள்கிறேன் ஐயா. அளவைக் குறைத்துத் தெளிவை வாங்கிக்கொள்ளலாம். பூஜை நேரம், பிள்ளைகள் வரும் நேரம் பார்த்து வேளையை நகர்த்தலாம். ஒரே நிபந்தனை, அந்தத் தேர்வு படுத்திருப்பவருடையதாக இருக்க வேண்டும். நடப்பது அதுவல்ல. அவருக்கு நோயின் பெயரே தெரியாது. மகனிடம் மட்டும் சொல்லியிருப்பார்கள். "அப்பாகிட்ட சொல்லாதீங்க, உடைஞ்சு போயிடுவார்" என்பார் மகன். அப்பாவுக்குப் பாதி தெரியும், மகன் உடைவார் என்று அவரும் கேட்கமாட்டார்.

இதை உடைக்க நேரே போய் நோயின் பெயரைச் சொல்லக் கூடாது. மகனிடம் முதலில் "ஏன் சொல்ல வேண்டாம்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டு அவர் பயத்தை முழுக்கக் கேட்க வேண்டும். பிறகு தனியறையில், உட்கார்ந்து, அப்பாவிடம் "உடம்புக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க?" என்று தொடங்க வேண்டும். பாதிப்பேர் அங்கேயே சொல்லிவிடுவார்கள். அடுத்து "இதப் பத்தி முழுசா தெரிஞ்சுக்கணுமா, இல்ல பையன்கிட்டயே பேசிக்கட்டுமா?" வேண்டாம் என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம், அது அவர் உரிமை. வேண்டும் என்றால் துண்டு துண்டாக, ஒவ்வொன்றுக்கும் பின் மௌனம் விட்டு. அழுதால் உடனே "கவலைப்படாதீங்க" என்று மூடாதீர்கள். கடைசியில், அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று உறுதியாக ஒரு காரியம் சொல்லிவிட்டே எழ வேண்டும்.

படிமுறைவக்கீல்

பழையமரம் ஐயாவின் கவலைக்குச் சட்டத்திலும் வழி இருக்கிறது. 2018 மார்ச் 9-ல் உச்ச நீதிமன்றம் முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தை ஏற்றது. அப்போது சொன்ன நடைமுறை கடினமாக இருந்ததால் 2023 ஜனவரியில் எளிமையாக்கியது. 18 வயது நிரம்பிய, தெளிந்த மனநிலை உள்ளவர் எழுதலாம். இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்றொப்பம் போதும். மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டியதில்லை. மீளாத நிலை வந்தால் வென்டிலேட்டர் வேண்டுமா, தன் சார்பில் யார் முடிவு சொல்வது என்பதை எழுதலாம். ஆவணம் இருந்தாலும் மருத்துவமனையின் முதல் குழுவும் இரண்டாவது குழுவும் ஒப்ப வேண்டும். ஒவ்வொன்றிலும் மூன்று மருத்துவர்கள். ஊசி போட்டு உயிரைப் போக்குவது இதில் வராது, அது இன்றும் குற்றம். பலர் எழுதி பீரோவில் பூட்டிவிடுகிறார்கள். ஐ.சி.யூ. வாசலில் தேவைப்படும்போது சாவி யாரிடம் என்று தெரியாது. நகலை, பெயர் குறிப்பிட்டவர் கையிலும் குடும்ப மருத்துவரிடமும் கொடுத்து வையுங்கள்.

நெய்தல்நிலம்

எல்லாருக்கும் நன்றி. ஒன்று மட்டும் பாக்கி. கடைசி ஓரிரு நாளில் சாப்பிடவில்லை, தண்ணீர்கூட இறங்கவில்லை என்று வீடே பதறுகிறது. பட்டினி போட்டுவிட்டோம் என்ற குற்ற உணர்வு வருடக்கணக்கில் நிற்கிறது. டிரிப்ஸ் ஏற்றச் சொல்லி அலைகிறார்கள்.

வார்டு9

உடம்பு மூடிக்கொள்வதால்தான் பசி நின்றுபோகிறது. சாப்பிடாததால் அவர் இறக்கவில்லை. அந்த நேரத்தில் ஏற்றும் டிரிப்ஸ் பெரும்பாலும் கைகால் வீக்கமாகவும் நெஞ்சுச் சளியாகவுமே போய்ச் சேரும். தொண்டையில் களகள என்று சத்தம் வந்தால் மல்லாக்காமல் ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தலையைக் கொஞ்சம் உயர்த்துங்கள். அந்தச் சத்தம் நமக்குத்தான் பயங்கரம், நினைவிழந்தவருக்கு அது பெரும்பாலும் தெரிவதில்லை. தேவைப்பட்டால் சளி சுரப்பைக் குறைக்க ஊசி உண்டு. மூச்சு நின்று நின்று வருவதும் அந்தக் கட்டத்தின் இயல்பு.

பால் ஊற்றும் சடங்கு பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். விழுங்கும் அனிச்சை போனவர் வாயில் வரிசையாக ஒவ்வொருவரும் ஒரு ஸ்பூன் விட்டால் அது நுரையீரலுக்குள் போய் மூச்சுத் திணறும். சடங்கைத் தடுக்காதீர்கள், யாரையும் கடிந்துகொள்ளாதீர்கள். ஒரு கிண்ணத்தில் பாலோ துளசித் தண்ணீரோ வைத்து, பஞ்சை நனைத்து நன்றாகப் பிழிந்து, உதட்டில் மட்டும் தொடச் சொல்லுங்கள். எத்தனை பேர் வந்தாலும் செய்யலாம். பிறகு உதட்டைத் துடைத்துக் கொஞ்சம் வாசலின் தடவிவிடுங்கள்.